தேயிலைக்குள் ஆள் உட்கார முடியாது

தேயிலைச் செடிக்கு அடியில் குந்தியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் குந்துவது லேசான காரியமில்லை, முழங்கால் இரண்டும் முனகின. பிற்பகல் மூன்று மணிதான் இருக்கும். ஆனால் மூட்டம் இறங்கிவிட்டதால் பொழுது சாய்ந்த மாதிரி கிடந்தது. ஈரமண் வாசம், அழுகிய இலை வாசம். அதற்கு நடுவில் எங்கிருந்தோ வெற்றிலைச் சாறு வாசமும் வந்தது.

எனக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, ஒற்றையடிப் பாதையில் இரண்டு கால்கள் நின்றன. கறுப்பு றப்பர் செருப்பு. அட்டை ஏறாமலிருக்கக் கணுக்காலில் சவர்க்காரம் பூசியிருந்தது. என் தங்கச்சி புஷ்பராணியின் கால்கள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? எனக்கு ஒன்னும் தெரியலையே" என்றாள். இரண்டு பாதமும் நேராக என் பக்கம் திரும்பியிருக்கத்தான் அதைச் சொன்னாள்.

நான் பதில் சொல்லவில்லை. ஏன் என்று விளங்க வேண்டுமானால் முதலில் ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சினிமாவில் ஆரம்பித்து வேறெங்கேயோ போய் முட்டிக்கொள்வது இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல.

மத்தியானக் காட்சி

மஸ்கெலியா டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. இப்போது ஃபோன் திருத்துகிறேன். முன்பு சீடி வாடகைக்கு விட்டேன். சீடி காலத்தில் என் கண்ணில் படாமல் ஒரு படமும் தப்பியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதே இதழில் சினிமா விமர்சனமும் எழுத ஆரம்பித்தேன். யாராவது கடைக்கு வந்து "வாசிச்சோம்" என்று சொன்னால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெளியூர் ஆட்கள் நம் மலைப்பக்கம் வந்து எடுத்தது. இருட்டுப் படம், வெட்டும் குத்துமான படம். வேலை போன ஒரு பொலிஸ்காரன் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறான். அங்கே தனியாக நடந்துபோகும் பெண்களை ஒருவன் கொல்கிறான். தேடி வந்தவனும் யோக்கியன் இல்லை. கடைசியில் இரண்டு பேரில் யார் மோசம் என்று பார்க்கிற நமக்கே குழப்பமாகிவிடும்.

ஹட்டனில் மத்தியானக் காட்சிக்குப் புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், மாதத்தில் ஒரு தடவை வருவான். பிள்ளைகள் இல்லை. லயத்துக் குடியிருப்பை விட்டால் மலை, மலையை விட்டால் லயம் என்று கிடக்கிறாளே, ஒரு படம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு இந்தப் படம்தானா கிடைத்தது என்று நீங்கள் கேட்டால், என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

படத்தில் அந்த இடம் வந்தது. ஒரு பெண் கூடையோடு தேயிலைக்கு நடுவில் தனியாகப் போகிறாள். தலையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் தாள் சரசரக்கிற சத்தம் மட்டும்தான். அவள் பின்னால் செடி விலகுகிறது. ஒரு கை வருகிறது, அதில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. புஷ்பம் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தடம் மறுநாள் வரைக்கும் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் நோர்வூட்டைத் தாண்டியது. அப்போது அவள் மெதுவாக, அப்படித் தேயிலைக்குள் ஒரு ஆள் இருந்தால் நமக்குத் தெரியாமலா போகும் என்று கேட்டாள். நான் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

நிறையும் குறையும்

அன்றைக்கே உட்கார்ந்து விமர்சனம் எழுதினேன். நல்லதை முதலில் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, படத்தை எடுத்தவனுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. கமரா அவசரப்படவில்லை. ஒரு கதவைக் காட்டினால் அது திறக்குமா திறக்காதா என்று நம்மைக் காயப் போடுகிறான். கொலைக்கு முன்னால் மேளதாளம் எதுவும் கிடையாது, கொழுந்து ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் யாரோ ஒருத்தி சாகப் போகிறாள் என்று அரைமணி நேரத்திலேயே நமக்குப் பழகிவிடுகிறது. மழையை அழகுக்குக் காட்டாமல், நனைந்தால் விறைக்கும் என்று காட்டியதற்காகத் தனியாக ஒரு வரி பாராட்டினேன்.

குறை சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரத்தத்தை வாளி வாளியாக ஊற்றியிருந்தார்கள். மூன்றாவது கொலைக்குப் பிறகு பயம் போய்க் குமட்டல் வந்துவிட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் சென்னைப் பேச்சுப் பேசினார்கள். முற்றிய இலையை உருவி உருவிக் கூடையில் போட்டார்கள். எங்கள் கங்காணி பார்த்திருந்தால் படப்பிடிப்பையே நிறுத்தியிருப்பார்.

ஆறு பெண்கள் சாகிறார்கள். ஆறு பேரில் ஒருத்திக்கும் பெயர் இல்லை. கொன்றவனுக்கு மட்டும் சின்ன வயதுக் கதை, தாய் பாசம், கனவு எல்லாம் வைத்திருந்தார்கள். இதையும் எழுதினேன், ஆனால் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

ஏனென்றால் பெரிய குறை என்று நான் பிடித்து வைத்திருந்தது வேறு. கொலைகாரன் தேயிலைக்குள் ஒளிந்திருக்கிறானே, அது. மலையில் பிறந்தவனை ஏமாற்ற முடியுமா? 'தேயிலைக்குள் ஆள் உட்கார முடியாது' என்று தலைப்பே போட்டேன்.

அந்தத் தலைக்கனத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பதினெட்டு வயதில் தோட்டத்தில் பெயர் பதிந்து இரண்டு வருஷம் கவ்வாத்து வெட்டினேன். வளர்ந்த செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு மறுபடி தழைய வைக்கிற வேலை அது. ஒருநாள் கங்காணிக்குத் தெரியாமல் ஒரு தூக்கம் போடலாம் என்று பக்கத்து மலையில், வெட்டாத செடிக்குள் நுழையப் பார்த்தேன். கொப்புக்குக் கொப்பு பின்னிக்கொண்டு கிடந்தது. சட்டை கிழிந்தது, முதுகு கீறியது, தலை மட்டும் உள்ளே போய் மீதி உடம்பு வெளியே நின்றது. கங்காணி வந்து அந்த மீதி உடம்பில் ஒரு போடு போட்டார். முயல் ஒளியலாம், கேளையாடு ஒளியலாம், மனுசன் முடியாது என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கதையையும் சேர்த்து எழுதினேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பீலித் தண்ணீர்

புஷ்பம் இருப்பது தோட்டத்தின் மேற்கணக்கில். கணக்கு என்பது டிவிஷன், தோட்டத்தின் ஒரு பிரிவு. கொழுந்து நிறுக்கும் மடுவம் கீழ்க்கணக்கில் இருக்கிறது. நாலு மணிக்கு நிறுவை முடிந்ததும் ரோட்டால் சுற்றி லயத்துக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். ஆறாம் நம்பர் தேயிலை மலைக்குள் போகும் குறுக்குப் பாதையால் ஏறினால் இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தில்தான் அவள் பிழைப்பே இருக்கிறது. லயத்துப் பீலியில் அந்திக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பிந்திப் போனால் குடம் காயும். அவள் கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து மற்றப் பெண்கள் ரோட்டு லயத்துக்குப் போகிறவர்கள். இவள் ஒருத்திதான் மேலே ஏற வேண்டும்.

படம் பார்த்ததிலிருந்து அவள் குறுக்குப் பாதையை விட்டுவிட்டாள். ரோட்டால் போனாள். பத்து நாள் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் குடம் குடமாகக் கடன் வாங்கினாள். எனக்குச் சேதி வந்தது. ஃபோன் எடுத்து ஏசினேன். நான் எழுதியது வந்திருக்கிறது, வாசித்துப் பார், சினிமாக்காரன் சொன்னதை நம்புவாயா அண்ணன் சொன்னதை நம்புவாயா என்று கேட்டேன்.

அவள் வாசித்தாள். மறுநாள் குறுக்குப் பாதையால் போனாள். அச்சில் வந்துவிட்டால் என் தங்கச்சிக்கு அது சத்தியம்.

ஒரு இருமல்

மூன்று வாரம் கழித்து, கடையில் ஒரு ஃபோனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தபோது புஷ்பம் அழைத்தாள். மூச்சு வாங்கியது. பாதையில் நடு ஏற்றத்தில் வரும்போது செடிக்குள் யாரோ இருமினார்கள் என்றாள். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு ஓடி வந்துவிட்டாளாம்.

நான் அதற்கும் பதில் வைத்திருந்தேன். கேளையாடு அப்படித்தான் செருமும், பக்கத்தில் கேட்டால் மனுசன் இருமுவது போலவே இருக்கும், சின்ன வயதில் நாம் கேட்டதில்லையா என்றேன். சொல்லிவிட்டு ஸ்க்ரூ ட்ரைவரைத் தேடினேன்.

"கேளையாடு வாயப் பொத்திக்கிட்டு இருமாதுண்ணே" என்றாள்.

ஸ்க்ரூ ட்ரைவர் தேடுவதை விட்டேன். ஆனாலும் பாருங்கள், மனுசன் எப்படிப்பட்ட பிறவி என்று. பயந்துபோன தங்கச்சியிடம் அப்போதும் நான் எழுதியது சரி என்று நிரூபிக்கத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இடத்தைக் காட்டு, உள்ளே நுழைய முடியாது என்று உன் கண் முன்னாலேயே காட்டுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நல்ல சீட்

ஆறாம் நம்பர் மலையைப் பார்த்ததும் நான் பேந்தப் பேந்த முழித்தேன். புஷ்பத்தின் வீட்டுக்கு எப்போதும் ரோட்டால் போய் ரோட்டால் வருகிறவன் நான். இருபத்தைந்து வருஷமாக அந்த மலைக்குள் கால் வைத்ததில்லை. ஆள் பற்றாக்குறை என்று தோட்டம் அந்த மலையைக் கைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கவ்வாத்து இல்லை, கொழுந்தெடுப்பும் இல்லை. இடுப்புயரச் செடியெல்லாம் இரண்டாள் உயரத்துக்கு மரமாக நின்றன. மேலே இலை கூடி மூடியிருந்தது. கீழே வெறும் தண்டுகள், அவற்றுக்கு நடுவில் குகை போல இடம்.

நான் எழுதியது என் பதினெட்டு வயதுத் தேயிலையைப் பற்றி. என் தங்கச்சி தினமும் நடப்பது இந்தத் தேயிலைக்குள்.

அவள் இருமல் கேட்ட இடத்தைக் கையால் காட்டினாள். அவளைப் பாதையில் நிற்க வைத்துவிட்டு மானாப்புல்லை விலக்கிக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தேன். சட்டை கிழியவில்லை. முதுகு கீறவில்லை. சுகமாக உள்ளே போய்க் குந்தினேன்.

அங்கே ஒரு உரச்சாக்கு நாலாக மடித்துப் போட்டுக் கிடந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அது மண்ணோடு படிந்திருந்தது. பக்கத்தில் வெற்றிலை துப்பிய கறை. காய்ந்த கறைக்கு மேல் புதுக் கறை. ஒருநாள் வந்தவன் இல்லை, பல நாள் வந்தவன்.

பிறகுதான் கொப்புகளைப் பார்த்தேன். தலை இடிக்காமலிருக்க மூன்று கொப்பு வெட்டியிருந்தது. பாதைப் பக்கமாக இரண்டு கொப்பு வெட்டியிருந்தது. ஐந்தும் உள்பக்கம் பார்த்த சாய்வு வெட்டு, ஒரே வீச்சு, பட்டை ஒரு நூல்கூடக் கிழியவில்லை. அப்படி வெட்டத்தான் கங்காணி எனக்கும் அடித்துச் சொல்லித்தந்தார். வெளியூர்க்காரனுக்கு அந்த வெட்டு வராது. இவன் எங்கள் தோட்டத்து ஆள். கவ்வாத்து வெட்டுகிற ஆள்.

பாதைப் பக்கம் வெட்டிய அந்த இரண்டு கொப்புக்கு நடுவில் ஒரு சதுரம் திறந்திருந்தது. அந்தச் சதுரத்துக்குள் அளவாக என் தங்கச்சியின் கால்கள் தெரிந்தன. வாழ்க்கையில் எத்தனையோ கொட்டகையில் எத்தனையோ சீட்டில் இருந்து படம் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல சீட் எனக்குக் கிடைத்ததில்லை. அப்படி ஒரு எண்ணம் வந்ததற்கே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? எனக்கு ஒன்னும் தெரியலையே."

அவள் பெருவிரல் செருப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"ஒக்கார முடியலதானே? நீங்க எழுதுனது சரிதானே அண்ணே?"

சரி என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறாள். சொல்லிவிட்டால் என் எழுத்தும் பிழைக்கும், அவள் பயமும் போகும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சபலம் தட்டியது.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, கறை, வெட்டு, சதுரம். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். ரோட்டுக்கு இறங்கும்வரை இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

எட்டு நிரை

பொலிசுக்குப் போய் என்ன சொல்வது? ஒரு இருமல், ஒரு உரச்சாக்கு. மலை வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கிடம் போனேன். பாதையோரம் காடாகிவிட்டது, பெண்கள் பயப்படுகிறார்கள், இரண்டு பக்கமும் வெட்டிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எந்தச் செடி என்று சொல்லவில்லை. பயந்தது யார் என்றும் சொல்லவில்லை. நல்ல மனுசன், இரண்டே நாளில் கவ்வாத்து ஆட்கள் எட்டுப் பேரை அனுப்பினார்.

நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். நிறுவை முடிந்து புஷ்பத்தோடு ஏழெட்டுப் பெண்கள் பாதை முகப்பில் நின்று பார்த்தார்கள். கவ்வாத்து ஆட்கள் எட்டுப் பேரும் மலையடியில் வரிசையாக நின்று ஆளுக்கொரு நிரை பிடித்தார்கள். கவ்வாத்தில் அதுதான் முறை. பிடித்த நிரையை வெட்டிக்கொண்டே மேலே ஏற வேண்டும். உன் நிரையை விட்டு இன்னொரு நிரைக்குப் போகவே கூடாது.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். அதில் ஒருவர், நீல ஜேர்சி போட்டவர், தன் நிரையை விட்டுவிட்டு நேரே நடு ஏற்றத்துக்கு ஏறிப் போனார். நான் குந்தியிருந்த அந்தச் செடியைத்தான் வெட்ட ஆரம்பித்தார். வெட்டுவதற்கு முன்னால் குனிந்து உள்ளே கையை விட்டார். எதையோ இழுத்துத் தழைகளுக்கு அடியில் தள்ளினார்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் ஊருக்கெல்லாம் குறை சொல்கிற வாய்க்கு அன்று பூட்டுப் போட்டது போலாகிவிட்டது.

வாய் திறந்தது புஷ்பம்தான். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சண்டை போடாத குரலில் கேட்டாள்.

"ஒங்க நிரை கீழ இருக்கு. அங்க ஏன் போனீங்க?"

ஏழு கத்தியும் நின்றன. எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நிரை மாறியவரை ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். சினிமாவில் வந்தவனுக்கு முகத்தில் தழும்பு, சிவந்த கண், கரகரத்த குரல் எல்லாம் இருந்தன. இவருக்கு ஒன்றும் இல்லை. கோயில் திருவிழாவில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற முகம்.

"இங்கதான் அடசலா இருந்திச்சு" என்றார். பிறகு புஷ்பத்தை மட்டும் பார்த்து, "இனிமே பயப்படாமப் போம்மா" என்றார்.

திருத்தம்

அவர் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். ஏன் அங்கே உட்கார்ந்திருந்தார், என்ன செய்ய நினைத்திருந்தார், உண்மையில் அவர்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தப் படம் கடைசிக் காட்சியில் எல்லா முடிச்சையும் அவிழ்த்துக் காட்டியது. அதுதான் அதன் மிகப் பெரிய குறை என்று இப்போது நினைக்கிறேன். பயத்தின் முடிச்சை யாரும் நமக்கு அவிழ்த்துக் கொடுப்பதில்லை. அவர் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வருகிறார், புஷ்பமும் வருகிறாள். ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரும் பெயர் கொடுக்கிறார்கள்.

அச்சில் வந்த தப்புக்கு அச்சிலேயே திருத்தம் போட வேண்டும் என்று புஷ்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போடுகிறேன். தேயிலைக்குள் ஆள் உட்கார முடியும். நான் உட்கார்ந்து பார்த்தேன். படத்தை எடுத்தவர்கள் சரி, நான்தான் தப்பு. ஆனால் ஆறு பெண்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டது தப்புத்தான். அதை ஒரு வரியில் முடித்த நானும் அந்தத் தப்பில் கூட்டு.

இப்போது பெண்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அன்று புஷ்பம் கேட்ட கேள்வி அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. ரோட்டு லயத்துக்காரிகள்கூடச் சேர்ந்து ஏழு பேராக அந்தப் பாதையில் ஏறுகிறார்கள், புஷ்பத்தை மேலே விட்டுவிட்டு ஆறு பேர் சேர்ந்து இறங்குகிறார்கள். பீலிக்காக மேலேயே நிற்கும் ஜெசிந்தா பாதை முகட்டுக்கு வந்து, பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பெயர் வந்தவள் குரல் கொடுக்க வேண்டும். புஷ்பம் எனக்கு ஃபோன் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பாள். மல்லிகா, சரோஜா, தெய்வானை, ஞானம், ராக்காயி, லெட்சுமி, புஷ்பராணி. ஏழாவது பெயருக்குக் குரல் வரும்வரை கடையில் நான் ஒரு வேலையும் செய்வதில்லை.

போன வியாழக்கிழமை ஆறு குரல் வந்தது. ஏழாவது வரவில்லை.

மேசையில் யாருடையதோ ஃபோன் பிரித்தபடி கிடந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெசிந்தா இரண்டாம் தடவை கூப்பிட்டாள், மலையே கேட்கும்படி கத்திக் கூப்பிட்டாள்.

"புஷ்பராணி!"

"இருக்கேன்" என்றாள் என் தங்கச்சி.

செருப்பு வார் அறுந்துவிட்டதாம். குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாளாம்.